சிகரெட்டை விட்ட பிறகு வருவது

புனிதா,

இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப்போவதில்லை. போனில் படம் எடுத்து அனுப்பப்போவதும் இல்லை. நீ வேலை முடிந்து செபராங் ஜெயா வீட்டுக்குத் திரும்பும்போது வாசலில் நான் நிற்பேன். கையில் கொடுத்துவிட்டு ஹாலில் உட்கார்ந்துகொள்கிறேன். நீ உன் அறைக்குள் போய் மெதுவாகப் படி. வாயால் சொல்லிவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமையிலிருந்து முயன்று பார்க்கிறேன். உன் நம்பரை அழுத்தியதும் "அப்பா பேசுறேன், சாப்பிட்டியாமா?" என்பதற்கு மேல் எனக்கு எதுவும் வருவதில்லை. நீ "ம்" என்கிறாய். கோபமோ அலுப்போ இல்லாத அந்த "ம்"தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கெப்பாலா பத்தாஸிலிருந்து உனக்கு நிச்சயித்திருக்கும் சரவணனின் அப்பாவும் அம்மாவும் முகூர்த்தப் புடவையோடு நம் ஃப்ளாட்டுக்கு வந்திருந்தார்கள். தண்ணீர்மலையில் மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகையும் அடித்தாயிற்று. அந்த அம்மா புடவையைப் பிரித்து உன் மடியில் ஆசையாக விரித்துப் போட்டார்கள். "கலர் பிடிச்சிருக்காமா? பிடிக்கலன்னா சொல்லுலா, மாத்திக்கலாம். கடைக்காரர் நமக்குத் தெரிஞ்சவர்தான்" என்றார்கள். நீ புடவையைப் பார்த்தாய், ஆனால் பார்த்த மாதிரி இல்லை. "எதுனாலும் சரிங்க ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனாய். காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு நான் உன் பின்னாலேயே வந்தேன். குழாயடியில் நின்ற அம்மாவிடம் நீ சொன்னது என் காதிலும் விழுந்தது. "எனக்குக் கல்யாணம் வேணாம்மா. அவர்மேல ஒன்னும் இல்ல. எனக்கு எதுவுமே வேணாம்."

எல்லோரும் போன பிறகு வீட்டில் நடந்ததை நீ அறிய மாட்டாய். உனக்குக் கண்ணு பட்டிருக்கிறது என்றாள் உன் அத்தை, பூசாரியிடம் கூட்டிப்போக வேண்டும் என்றாள். அம்மா அழுதுகொண்டே, "வேற யாரையாச்சும் மனசுல வச்சிருக்காளா? உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாளா?" என்று என்னைக் கேட்டாள். நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. நீ விடைபெற்றுக் கீழே போய் வெகுநேரம் ஆகியும் உன் கார் கிளம்பவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தாய். பந்து விளையாடிய பிள்ளைகள் காருக்குள் எட்டிப் பார்த்துவிட்டு ஓடின. பிறகு நீ நிமிர்ந்து, கண்ணாடியில் முகத்தைக்கூடப் பார்க்காமல், மெல்ல ஓட்டிக்கொண்டு போனாய். அதே கார் பார்க்கில், வேறொரு காரில், ஒரு காலத்தில் நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன்.

நீ சிகரெட் பிடித்தாய் என்பது எனக்குத் தெரியும். திட்டுவதற்காகச் சொல்லவில்லை. அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக உன் காரை வாங்கிக்கொண்டு போனேனே, அன்றைக்கே தெரிந்துவிட்டது. எத்தனை பெப்பர்மிண்ட் போட்டாலும் சீட்டுத் துணியில் தங்கும் வாடை, பாதி ஆயுள் புகைத்தவனின் மூக்குக்குத் தப்பாது. நீ விட்டுவிட்டாய் என்பதும் தெரியும். போன மாதம் உன் கார்க் கதவுப் பையில் 'அசாம் போய்' என்ற புளிப்புப் பழப் பாக்கெட்டுகள் திணித்துக் கிடந்தன. நானும் விட்ட காலத்தில் அந்தப் புளிப்புக் கொட்டையைத்தான் நாள் முழுக்கச் சப்பிக்கொண்டிருந்தேன். அவற்றைப் பார்த்ததும் தனியாகக் காருக்குள் உட்கார்ந்து சந்தோஷத்தில் சிரித்தேன். அதன் பிறகுதான் நீ பூனையைக் கொடுத்துவிட்டாய். சாக்கடையிலிருந்து தூக்கி வந்து, மருந்துக் குழாயால் பால் புகட்டி வளர்த்த பூனையை, ஆபீஸ் பெண் ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, "கல்யாணத்துக்கு அப்புறம் யாருப்பா பாத்துக்குவா?" என்றாய். நியாயமாகத்தான் பட்டது. பேட்மிண்டனுக்குப் போவதை நிறுத்தினாய், வேலை அதிகம் என்றாய். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமாகத்தான் படும். என் விஷயத்திலும் அப்படித்தான் இருந்தது.

உனக்கு அப்போது பதினைந்து வயது. பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் மெஷின்களைப் பழுது பார்க்கும் வேலையில் இருந்தேன். கம்பெனி டாக்டர் என் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். அன்றே விட்டுவிட்டேன். முதல் சில நாட்கள் வீட்டில் திருவிழாதான். அம்மா பாயசம் வைத்தாள். நீ காலண்டரில் நாளுக்கொரு நட்சத்திரம் வரைந்தாய். கேண்டீனில் கூட்டாளிகள் முதுகில் தட்டினார்கள். ஆசை எப்படி வரும் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோப்பி குடித்து முடித்ததும் வரும், சோறு தின்றதும் வரும், ஒரு மெஷினைச் சரிசெய்து நிமிரும்போது வரும். கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும். ஆனால் நின்று தாக்குப்பிடித்தால் சில நிமிஷத்தில் பிடி தளரும் என்று கற்றுக்கொண்டேன். குளிர்ந்த தண்ணீர் குடிப்பேன், முகம் கழுவுவேன், ஃபேக்டரியின் அந்தக் கோடிவரை நடந்துவிட்டு வருவேன். போராட்டம் என்றால் அவ்வளவுதான் என்று நினைத்தேன். அதற்குப் பின்னால் ஒன்று நிற்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஆசை குறையக் குறைய அது உள்ளே வந்தது. அழுகையாக வந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அழுகையே வரவில்லை. அம்மாவின் நெத்திலிச் சம்பல் நனைந்த காகிதத்தை மெல்லுவதுபோல் இருந்தது. விடிவதற்கு முன்பே விழிப்பு வந்துவிடும், எழுந்திருக்கத்தான் முடியாது. எதற்கெடுத்தாலும் எரிச்சல் வந்தது, பிறகு அந்த எரிச்சலும் போய் ஒன்றுமே இல்லாமல் ஆனது. அதைவிட ஆபத்து எது தெரியுமா? அது தன்னை மனச்சோர்வு என்று சொல்லிக்கொண்டு வராது. உண்மை என்று சொல்லிக்கொண்டு வரும். இத்தனை வருஷம் புகைக்குள் கிடந்தாய், இப்போதுதான் எல்லாம் உள்ளபடி தெரிகிறது என்று சொல்லும். சோறு போட்டுக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, இவளுக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றியது. நீ பரீட்சைத் தாளை நீட்டியபோது, இந்தப் பெண் எதற்கு இதை என்னிடம் காட்டுகிறாள் என்று நினைத்தேன். அதையெல்லாம் நான் முழுசாக நம்பினேன் புனிதா. வேலையை விடுகிறேன் என்று மேனேஜரிடம் போய் நின்றேன். என் தூண்டில்களையெல்லாம் பக்கத்து வீட்டு ஆ செங்கிடம் கொடுத்தேன். "சிகரெட்ட விட்டதும் மனுஷன் சாமியார் மாதிரி ஆயிட்டாரு" என்று எல்லோரும் மெச்சினார்கள்.

ஒரு மத்தியானம், பாதி நாள் லீவு போட்டுவிட்டு, படகுத்துறையில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஃபெரியில் ஏறினேன். எங்கும் போக வேண்டிய வேலை இல்லை. அக்கரையில், பட்டர்வொர்த்தில் இறங்கினேன், திரும்ப ஏறினேன், மறுபடியும் போனேன், மறுபடியும் வந்தேன். மேல்தளத்தில், கம்பி ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கரையில் மழை கறுத்துக்கொண்டு வந்தது. தண்ணீர் ஈயம்போல் இருந்தது. அப்போது என் குரலிலேயே ஒரு எண்ணம் வந்தது. விளக்கை அணைத்துவிட்டுப் படு என்று சொல்வதுபோல் அவ்வளவு சாதாரணமாக, இறங்கிவிடு என்றது. எனக்கு அந்த நேரத்தில் பயமே இல்லை. பயம் இல்லையே என்று உறைத்த பிறகுதான் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். பின்பக்கமாகவே நடந்து நடுவில் இருந்த பெஞ்சுக்கு வந்து, இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"ஃபெரில இருக்கேன்."

"ஃபெரிலயா? எங்க போறீங்க?"

"தெரியல. நீ வர்றியா? எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

அவள் கேட்டாள். "நடுவுல உக்காந்திருக்கீங்களா, ஓரத்துலயா?"

"நடுவுல."

"நம்ம பக்கக் கரைக்கு வந்ததும் இறங்கி, உள்ள ஹால்ல சனங்களோட உக்காருங்க. போனை வைக்காதீங்க. நான் பேசிக்கிட்டே வர்றேன்."

ஓரமா நடுவா என்று அவள் ஏன் கேட்டாள் என்பதை இப்போது உனக்குச் சொல்லிவிட வேண்டும். உன் பெரியப்பா, என் அண்ணன், பிறை ஆற்றில் மீன் பிடிக்கப் போய்த் தவறி விழுந்தார் என்று சொல்லித்தான் உன்னை வளர்த்தோம். விழுந்ததை எங்களில் யாரும் பார்க்கவில்லை. அதற்கு முந்தைய மாதங்களில் அவரும் இப்படித்தான் அமைதியாக இருந்தார். தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி எனக்குக் கொடுத்தார். நான் சந்தோஷமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த அமைதியைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை. தவறித்தான் விழுந்தாரோ என்னவோ, இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அம்மா அதை மறக்கவில்லை.

அன்றைக்கு அவள் உன்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து அப்படியே அழைத்துக்கொண்டு டாக்சியில் வந்தாள். உனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கும். கூட்டாளிகளிடமெல்லாம் அதை நீ சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு காரணமும் இல்லாமல் அப்பாவும் அம்மாவும் யூனிஃபார்மோடு ஃபெரியில் கூட்டிப்போய், பட்டர்வொர்த்தில் தின்னப் பாசெம்பூர் வாங்கிக் கொடுத்த நாள். ஹாலில் என்னைப் பார்த்ததும் "ஃபெரில போலாம்ப்பா, ப்ளீஸ்" என்று நீதான் குதித்தாய். காரணத்தைச் சொல்லாமல் மறுக்க எங்களால் முடியவில்லை. போய்வரும்வரை அம்மா என் சட்டையின் பின்பக்கத்தை முஷ்டிக்குள் பிடித்துக்கொண்டே நின்றாள். நீ அதைப் பார்த்துவிட்டு, "அம்மா அப்பாவ விடவே மாட்டேங்கிறாங்க!" என்று கைதட்டிச் சிரித்தாய். நாங்களும் சிரித்தோம். அவள் விரல் நகங்கள் என் முதுகில் பதிந்திருந்ததை வீட்டுக்கு வந்துதான் கண்ணாடியில் பார்த்தேன்.

மறுநாள் காலை அம்மா என்னை அரசாங்க கிளினிக்குக்குக் கூட்டிப்போனாள். சிகரெட்டை விடுகிறவர்களுக்காக அங்கே ஒரு தனி அறை உண்டு. ரொஹானி என்று ஒரு நர்ஸ், அம்மாவின் வயதுதான் இருக்கும், தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி என்று மலாயில் கேட்டுக்கொண்டே வந்தார். அதே குரலில், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்சிக்" என்று மரியாதையாக அழைத்து, "செத்துப்போயிடலாம் போல இருக்கா?" என்று கேட்டார். அம்மா பக்கத்தில் இருந்தாள். நான் ஆமாம் என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அந்தக் கேள்வி எதையும் புதிதாக என் தலையில் போடவில்லை. உள்ளே இருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தது, அவ்வளவுதான். டாக்டர் விளக்கினார். சிகரெட்டை நிறுத்தினால் மனசு கீழே போவது பலருக்கும் நடப்பதுதான், பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மேலே வந்துவிடும், ஆனால் சிலருக்குப் புகைக்கு அடியில் ஏற்கெனவே ஒன்று இருந்திருக்கும், அது இப்போது தலையைக் காட்டும், அதற்கு வைத்தியம் வேண்டும் என்றார். நான் இரண்டாவது வகை. வைட்டமின் என்று சொல்லி உன் கண்ணெதிரே நான் விழுங்கிக்கொண்டிருந்தது வைட்டமின் இல்லை.

சீக்கிரம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். நடுவில் ஒருநாள் கேண்டீனுக்குப் பின்னால் ஒரு சிகரெட்டை வாங்கிப் பற்றவைத்தேன். சில நிமிஷம் உலகமே திரும்பி வந்தது மாதிரி இருந்தது. சாம்பல் ஆறுவதற்குள் பழைய இருட்டு வந்துவிட்டது, கூடவே வெட்கமும். கிளினிக்கில் சொன்னேன். ரொஹானி திட்டவில்லை. எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாரோடு இருந்தபோது என்று மட்டும் கேட்டார். அந்த நேரத்துக்கு மெல்ல நிக்கோட்டின் சூயிங் கம் கொடுத்தார், மதியம் அந்தப் பக்கம் போகாதீர்கள் என்றார். கோப்பியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். சிகரெட்டை விட்ட உடம்பில் பழைய அளவு கோப்பி படபடப்பைக் கூட்டுமாம். குறைத்ததும் கை நடுக்கம் நின்றது. சாயங்காலம் தண்ணீர்மலை ரோட்டில் அம்மாவோடு நடந்தேன். பேச வேண்டியதில்லை என்று அவளே சொல்லிவிட்டாள். ஒன்றை மட்டும் கேட்பாள். "வந்திருக்கா?" நான், "வந்திருக்கு" என்பேன். அதற்கு அவள் எந்தப் புத்திமதியும் சொன்னதில்லை. ஆனால் அப்படிச் சொல்லச் சொல்லத்தான் அது வேறு, நான் வேறு என்று எனக்குப் பிடிபட்டது. பல மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஆயர் ஈத்தாமில் லக்சா நூடுல்ஸ் தின்னும்போது புளிப்பு நாக்கில் சுரீர் என்று ஏறியது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அதற்கு முன் எத்தனை முறை தின்றும் அந்தச் சுவையே தெரியாமல் இருந்தது. அதன் பிறகும் அது முழுசாகப் போய்விடவில்லை. மழைக்காலத்தில் வந்து எட்டிப் பார்க்கும். ஆளை எனக்குத் தெரியும் என்பதால் கதவைத் திறப்பதில்லை.

இனி, நேற்று நடந்ததைச் சொல்கிறேன். கல்யாணத்தைத் தள்ளிப்போடக் கேட்கலாம் என்று, உன்னிடம் சொல்லாமல் சரவணனுக்குப் போன் போட்டேன். எனக்கு உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்தேன். அவர் குறுக்கிட்டார்.

"மாமா, புனிதாவுக்காகத்தானே கேக்குறீங்க? சிகரெட்ட விட்டதுலேர்ந்து அவ இப்படித்தான் இருக்கா. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

"அவகிட்ட நீங்க கேட்டுப் பாத்தீங்களா தம்பி?"

"கேட்டேன் மாமா. 'நான் ஓகேலா'ன்னு சொல்றா. திங்கட்கிழமை வந்து மோதிரத்தக் கழட்டிக் குடுத்தா. பத்திரமா வச்சிருன்னு சொன்னா. சண்டை ஒன்னும் இல்ல. சிரிச்சுக்கிட்டேதான் குடுத்தா." அவர் குரல் உடைந்தது. "எத்தனை மாசம்னாலும் தள்ளிப்போடுங்க மாமா. கல்யாணமே இல்லன்னாலும் பரவால்ல. அவளத் தனியா விடாதீங்க."

நீ சிரித்துக்கொண்டே கொடுத்தாய் என்பதுதான் என்னை உலுக்கியது. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. எழுந்து போய் என் பையை எடுத்துத் துணி அடுக்கத் தொடங்கினாள்.

கல்யாணம் தள்ளிப்போகிறது. அதை நான் முடிவு செய்துவிட்டேன். உன்னைக் கேட்காமல் செய்ததற்கு, பின்னால் நீ கோபப்படு, கேட்டுக்கொள்கிறேன். உனக்குச் சரவணன் வேண்டுமா வேண்டாமா என்று இப்போது நான் கேட்கவில்லை. இந்த நிலையில் வரும் எந்த முடிவும் உன்னுடையதா, அதனுடையதா என்று உனக்கே தெரியாது. இது விலகிய பிறகும் வேண்டாம் என்று சொன்னால், கெப்பாலா பத்தாஸுக்கு நானே போய் அவர் அப்பா அம்மா முன்னால் உட்கார்ந்து சொல்லிவிட்டு வருவேன். அதுவரை எதையும் முடித்துவைக்காதே. யாருக்கும் எதையும் கொடுத்துவிடாதே. ஒரு சிகரெட் பிடித்தால் சரியாகிவிடும் என்று தோன்றினால் என்னைக் கூப்பிடு. பிடித்தேவிட்டால் அப்போதும் கூப்பிடு. நாளைக் காலை கிளினிக்குக்கு இருவரும் போகிறோம். உன் ஆபீசுக்கு நீ சொல்லிவிடு, முடியாவிட்டால் நான் சொல்கிறேன்.

என்னிடம் கேட்கப்பட்ட அதே கேள்வியை உன்னிடம் கேட்கத்தான் வந்திருக்கிறேன். எழுத்தில் கேட்டால் நீ எழுத்தில் இல்லை என்றுவிடுவாய், அதனால் முகத்தைப் பார்த்துக் கேட்பேன். நீ எதைச் சொன்னாலும் அப்பா எழுந்து ஓடிவிட மாட்டேன், உன்னைக் குற்றமும் சொல்ல மாட்டேன். உனக்குச் சொல்ல வராவிட்டால், தலையை அசைத்தால் போதும். சாப்பிடாமல்தான் வந்திருப்பாய். அம்மா இட்லி கட்டிக் கொடுத்திருக்கிறாள். ருசி தெரியாது என்று எனக்குத் தெரியும், ஆனாலும் ஒன்றாவது தின்னலாம். இன்று மட்டும் இல்லை, நீ சரியாகும்வரை நான் இந்த வீட்டில்தான் இருப்பேன்.

அறைக் கதவைத் தாழ் போட்டிருந்தால் எடுத்துவிட்டு வெளியே வா.